இறால் பிடில் வாசிக்கும், வலம்புரி அமெரிக்காவிலிருந்து வரும்... தெரியுமா?

பாக் விரிகுடாவில் ஒரு தென்னை மரத்தை நட்டால் என்ன ஆகும், தெரியுமா? மட்டையும் குலையும் தண்ணீருக்கு மேலே காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கும் அந்தக் கடலில் பெரும்பாலான இடங்களில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். எங்கள் ஊர்க் கிணறு அதைவிட ஆழம்.

நாமோ அதிசயம் என்றால் ஆழ்கடல்தான் என்று டி.வி.யில் திமிங்கிலத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு ஆள் மூச்சடக்கி முங்கினால் கைக்கு எட்டுகிற ஆழத்தில் என்னென்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் தூரத்தை, அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டரை, நாட்டுப்படகுக்கும் வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் என்று ஒதுக்கி வைத்தது. விசைப்படகு அதற்குள் வலை போடக் கூடாது. (நடக்கிறதா என்று எந்த மீன்பிடி ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும்.) அந்த ஐந்தரை கிலோமீட்டரிலும் அதை ஒட்டிய கழிகளிலும்தான் இந்தக் கட்டுரை முங்கி எழப்போகிறது. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

சின்ன வயதில் "சங்கு குளிக்கப் போயிருக்காங்க" என்று யாராவது சொன்னால், சங்கு எதற்குக் குளிக்கப் போகிறது என்று குழம்பியவன் நான். குளிப்பது என்றால் முங்குவது. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் எல்லாம் அப்படி வந்தவைதான். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் கடலடியில் சங்கைத் தேடுவதற்கு முன்னால் மணலில் ஒரு கோட்டைத் தேடுவார்கள். சங்கு ஊர்ந்து போன தடம் அது. தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் முனையில் பாதி புதைந்தபடி ஆள் இருப்பார்! பார்க்கச் சாதுவாகத் தெரிகிற இந்தச் சங்கு சைவம் இல்லை, தெரியுமா? மணலுக்குள் ஒளிந்திருக்கும் புழுக்களைத் துழாவித் தின்னுகிற வேட்டைக்காரர். அதன் முட்டைக் கூடு இன்னும் விசித்திரம். கிடாக் கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு, அடுக்கடுக்காக அறைகள் வைத்து, ஒரு முனை மணலில் ஊன்றி நிற்கும். மற்ற பல சிப்பிகளின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாகக் கடலில் மிதந்து எங்கெங்கோ போகும். சங்குக் குஞ்சு அப்படியில்லை. ஓடும் உடலுமாக, அச்சு அசல் குட்டிச் சங்காகவே அறையைத் திறந்துகொண்டு ஊர்ந்து வெளியே வரும். ஆகவே பிறந்த இடத்தை விட்டு ரொம்பத் தூரம் போகாது. ஓர் இடத்தில் மொத்தமாக அள்ளிவிட்டால், அந்த இடம் மறுபடி நிரம்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதனால்தான் அளவு பார்க்கிறார்கள். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு காலை நேரம். பெரியவர் ஒருவர் சாக்கைக் கொட்டி, கையில் வட்ட ஓட்டை போட்ட ஒரு தகட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சங்காக எடுத்து ஓட்டைக்குள் விட்டுப் பார்க்கிறார். ஓட்டையில் சிக்கி நின்றால் வலது பக்கம். பொத்தென்று விழுந்தால் இடது பக்கம். விழுந்தது அளவு தேறாதது. சங்கின் குறுக்களவு குறைந்தது 64 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது வரைமுறை. "இவன் அவசரப்பட்டு வந்துட்டான் தம்பி, இன்னும் வளரணும்" என்றார், கையில் ஒரு குட்டிச் சங்கை உருட்டியபடி. மேலே இன்னும் அந்தத் தவிட்டு நிறத் தோல் உரியவில்லை. ஆமாம், நாம் பூஜை அறையில் பார்க்கிற பால்வெள்ளைச் சங்கு கடலிலிருந்து வரும்போது பழைய தேங்காய் மட்டை நிறத்தில்தான் வரும்! அதைச் சுரண்டித் தேய்த்த பிறகுதான் வெள்ளை.

இந்தச் சங்கெல்லாம் எங்கே போகிறது, தெரியுமா? பெரும்பகுதி வங்காளத்துக்கு! அங்கே கல்யாணமான பெண்ணின் கையில் சங்கு வளையல் இருந்தாக வேண்டும். நமக்குத் தாலி மாதிரி. மன்னார் வளைகுடாவில் முங்கி எடுத்த சங்கு, பிஷ்ணுபூரிலும் டாக்காவின் சங்காரி பஜாரிலும் வளையமாக அறுபடுகிறது. இங்கேயும் ஒரு காலத்தில் சங்கறுத்தார்கள். அகநானூற்றிலேயே அந்தத் தொழில் வருகிறது. கொற்கையில் தோண்டினால் அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகள் கிடைக்கின்றன. இங்கே பழக்கம் விட்டுப்போய், கடலோடு சம்பந்தமே இல்லாத பிஷ்ணுபூர்ப் பக்கத்துப் பெண்கள் கையில் அது நிலைத்துவிட்டது. பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டவும், போனவருக்கு ஊதவும் மட்டும் நாம் சங்கை வைத்துக்கொண்டோம்.

இப்போது வலம்புரிக்கு வருவோம். இதில்தான் தலை சுற்றும். உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் சாதாரணச் சங்கை "வலப்பக்கம் சுற்றியது" என்கிறார்கள். நாம் அதையே இடம்புரி என்கிறோம்! யார் சொல்வது சரி? இரண்டு பேரும்! விஞ்ஞானி சங்கின் கூர்மையான தலைப்பகுதியை மேலே வைத்து, வாயைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கிறார். வாய் வலது பக்கம் தெரியும். நாம் தலைகீழாக, நீண்ட வால் பகுதி மேலே வருகிற மாதிரி பிடிக்கிறோம். அதே வாய் இடது பக்கம் தெரியும். ஆக, லட்சுமி கடாட்சம் என்று நாம் கொண்டாடுகிற வலம்புரி, விஞ்ஞானிக்கு இடப்பக்கச் சங்கு. பிறவியிலேயே எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்ட அபூர்வப் பிறப்பு. சாக்குச் சாக்காக அள்ளினாலும் ஒன்று கண்ணில் படுமா என்பது சந்தேகம்.

அப்படியானால் கடை கடையாக, ஆன்லைனில் வரிசை வரிசையாக வலம்புரி விற்கிறார்களே? அங்கேதான் அமெரிக்கா வருகிறது! மெக்சிகோ வளைகுடாப் பக்கம் ஒரு நத்தை இருக்கிறது. மின்னல் கோடு போட்டது போன்ற ஓடு. அந்த இனம் மொத்தமுமே இடப்பக்கச் சுற்று. அங்கே அது கொத்துக் கொத்தாகக் கிடைக்கும். டெக்சஸ் மாநிலத்தின் அடையாளச் சிப்பியே அதுதான். அதன் மேல்கோட்டைத் தேய்த்து வெளுக்க வைத்தால் வலம்புரி ரெடி! கண்டுபிடிக்க வழி உண்டு. வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம்மூர்ச் சங்கில் மூன்று நான்கு மடிப்பு, வரப்பு மாதிரி, விரலில் தட்டுப்படும். அமெரிக்கக்காரரிடம் அந்த வரப்பு வரிசை இருக்காது. இதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சங்கிலேயே பாதி தூரம் போய்விட்டது. முத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம், ஏனென்றால் முத்தும் எங்களிடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. முத்துக்குளித்துறை என்று பேர் எடுத்த கரையில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961-இல்! அதற்குப் பிறகு முத்துச்சிப்பி விளையும் பார்கள் தேறவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் சிப்பிக்குள் செயற்கையாக முத்து விளைய வைத்துக் காட்டியது. மார்கோ போலோ எழுதியதைப் படித்தால் சிரிப்பு வரும். சுறா வாயைக் கட்ட மந்திரவாதிகள் கூடவே படகில் போவார்களாம். கிடைத்ததில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரவாதிக்கு இருபதில் ஒரு பங்கு! பின்னாளில் அவர்களுக்குக் கடல்கட்டி என்றே பேர். இன்னொன்று: சிப்பியைக் கத்தியால் திறந்ததும் முத்து ஜொலிக்கும் என்பது சினிமா. நிஜத்தில் சிப்பிகளைக் குவித்து அழுக விட்டு, ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்த பிறகு, மிச்சத்தை அலசி அலசித்தான் முத்தைப் பொறுக்கினார்கள். ராணிகளின் கழுத்துக்குப் போன முத்து அந்த நாற்றத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

சரி, நண்டு! தொண்டிப் பக்கம் ஒரு கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு கூறு கேட்டேன். நல்ல பெரிய நீலக்கால் நண்டு ஒன்றை நான் எடுக்க, அவர் வெடுக்கென்று பிடுங்கித் தூர வைத்தார். "அது தண்ணி நண்டு தம்பி. அமுக்கிப் பாருங்க." அடிவயிற்றை அமுக்கினேன். அட்டைப்பெட்டி மாதிரி அமுங்கியது. நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட வேண்டும். கழற்றிய கையோடு தண்ணீரைக் குடித்து உடம்பை ஊத வைத்து, பெரிய அளவில் புது ஓடு கெட்டிப்படும் வரை காத்திருக்கும். அந்த நேரத்தில் பிடித்துச் சமைத்தால் சட்டியில் தண்ணீர்தான் மிஞ்சும். தீபாவளிக்கு வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாகச் சட்டை எடுப்பார்களே, அதே கணக்கு! நண்டுக்குப் பல் எங்கே இருக்கிறது, தெரியுமா? இரைப்பைக்குள்! ரத்தம் என்ன நிறம்? நீலம்! நம் ரத்தத்தில் இரும்பு, அதன் ரத்தத்தில் செம்பு. அடிவயிற்று மடல் குறுகலாகக் கோபுரம் போல இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். அந்த மடலுக்குள் லட்சக்கணக்கில் முட்டையைச் சுமக்கும். மஞ்சளாக இருந்தால் புது முட்டை, கறுத்துவிட்டால் இன்றைக்கோ நாளைக்கோ பொரியப்போகிறது. கறுத்த சினை நண்டைத் தூக்கித் தண்ணீரில் விட்டார் அந்த அக்கா. சட்டத்துக்காகவா என்று கேட்டேன். "அதுல என்னத்த ருசி இருக்கு" என்றார். அதுவும் ஒரு காரணம்தான்!

முதுகில் சிலுவைக் குறியோடு ஒரு நண்டு உண்டு. பேரே சிலுவை நண்டு. பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே வேலை செய்துவிட்டுக் கிழக்கே மலுக்குத் தீவுகளுக்குப் போனபோது, புயலில் அவர் சிலுவை கடலில் விழுந்ததாம். கரையேறியதும் ஒரு நண்டு அதைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்ததாம். அந்த ஆசியால்தான் முதுகில் குறி என்பது கதை. கரையில் இதைச் சொல்லிவிட்டு, அதே நண்டை மிளகு போட்டு வைக்கிறார்கள்.

தலைப்பில் சொன்ன பிடில்! சிங்கி இறாலைப் பிடித்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும். தொண்டை கிடையாது, பின் எப்படி? அதன் நீண்ட கொம்பின் அடியில் மெத்தென்று ஒரு பகுதி. அதைக் கண்ணுக்குக் கீழே உள்ள ஒரு திட்டின் மேல் இழுக்கும். ஒட்டி, விடுபட்டு, ஒட்டி, விடுபட்டு... பிடில் கம்பியில் வில் போகிற அதே விதம்தான். ஷீலா படேக் என்ற ஆய்வாளர் 2001-இல் இதைக் கண்டு சொன்னார். வெட்டுக்கிளி கடினமான உறுப்புகளை உரசிச் சத்தம் போடும். சிங்கி இறாலோ ஓடு கழற்றி உடம்பே கொழகொழவென்று இருக்கும்போதும் கச்சேரி நடத்தும். கடிக்க வருபவனைத் திடுக்கிட வைக்க அந்தச் சமயத்தில்தானே கச்சேரி தேவை! அதன் குஞ்சு இன்னொரு அற்புதம். கண்ணாடித் தாளில் கத்தரித்த சிலந்தி மாதிரி, எதிர்ப்பக்கம் தெரிகிற மேனி. மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து திரிந்துவிட்டுத்தான் கரையோரப் பாறைக்குத் திரும்பும். இவ்வளவு பாடுபட்டு வந்ததைக் குட்டியிலேயே பிடித்துவிடக் கூடாது என்று நம் கரையில் அதிகம் கிடைக்கும் சிங்கி இனம் ஏற்றுமதிக்கு 200 கிராமாவது தேற வேண்டும் என 2003-இல் மத்திய அரசு விதி போட்டது.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று ஒன்று விற்பார்கள். நுரை உறைந்து கட்டியானது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அது கணவாயின் ஓடு! உடம்புக்குள்ளே இருக்கும் ஓடு. அதில் நுண்ணிய அறைகள், உள்ளே காற்று. மிதப்பதற்கும் அமிழ்வதற்கும் அதுதான் சூட்சுமம். தட்டார்கள் அதில் அச்சுக் குடைந்து தங்கம் வார்த்ததும் உண்டு. கணவாய்க்கு மூன்று இதயம். நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறும். ஆனால் அதற்கே நிறம் தெரியாது! பேய்க்கணவாய்க்கு எட்டுக் கை, அதீத மூளை, ஒரே ஒரு பலவீனம்: பொந்தைக் கண்டால் புகுந்துவிடும். பாக் விரிகுடாவில் காலிச் சங்குகளைக் கயிற்றில் கோத்து இறக்கிவிட்டு மறுபடி வந்து தூக்குவார்கள். தூண்டில் கிடையாது, இரை கிடையாது. வாடகை இல்லாத வீடு என்று ஆள் குடியேறியிருப்பார்!

மெட்ராஸ் என்ற பேரைச் சென்னை என்று மாற்றிவிட்டோம். ஒரு சிப்பி மட்டும் விடாப்பிடியாக மெட்ராஸ்காரராகவே இருக்கிறது. நம் கழிமுகங்களில் வளரும் ஆளிக்கு 1916-இல் வைத்த அறிவியல் பேர் மெட்ராசென்சிஸ். வாழ்க்கையை ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறும் பிறவி அது. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில்தான் பழைய மெட்ராஸ் வீடுகளின் சுவர்கள் பளிங்கு போலப் பளபளத்தன. கடலில் வளர்ந்த வீட்டை இடித்துத் தரையில் நம் வீட்டைக் கட்டியிருக்கிறோம். கன்னியாகுமரிப் பக்கம் கடியப்பட்டணம், முட்டம் போனால் சிப்பி என்றாலே பாறையில் உளி வைத்துப் பெயர்த்தெடுக்கும் அந்தப் பழுப்புச் சிப்பிதான். அலை இவ்வளவு அடித்தும் ஏன் விழுவதில்லை? தண்ணீருக்குள்ளேயே காயும் ஒரு பசையை நூலாக நூற்று ஒட்டிக்கொள்கிறது! நம்மால் ஈரச் சுவரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட முடிகிறதா? அந்தப் பசையின் வேதியியலைப் பார்த்து ஈரத்தில் ஒட்டும் பசை செய்ய உலகமெங்கும் முயல்கிறார்கள்.

பக்கத்துக் கேரளத்தில் கொல்லத்து அஷ்டமுடிக் காயல். வெளிநாட்டு ஆர்டர் குவிந்து, அள்ளிய அள்ளில் தொண்ணூறுகளில் அங்கே பூவன் கக்கா என்னும் மட்டி சரிந்துபோனது. என்ன செய்தார்கள், தெரியுமா? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்க மாதங்களில் கை வைக்கக் கூடாது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு கிலோ சதைக்கு 1,400-க்கு மேல் நிற்கிற பொடி மட்டியை ஏற்றுமதி செய்யக் கூடாது. மட்டி திரும்பி வந்தது! 2014-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக வளம் குன்றாத மீன்பிடிப்புக்கான உலகளாவிய எம்.எஸ்.சி. சான்றிதழ் வாங்கிய மீன்பிடிப்பு எது என்றால், பெரிய கப்பல்களின் டூனா இல்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளுகிற இந்த மட்டிதான். பழவேற்காட்டு ஏரியில் இந்த மாதிரிக் கட்டுப்பாடு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதற்குப் பாடு என்று பேர். இறால் வரும் நல்ல இடத்தில் இன்று யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். பலசாலி முந்திக்கொள்ள வழியில்லை.

உலகத்துக்கு நாம் கொடுத்த சொல் கட்டுமரம். 1697-இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயணப் புத்தகத்திலேயே அது ஏறிவிட்டது. ஆனால் மேல்நாட்டுக் கேட்டமரான் இரட்டை உடல் கொண்ட படகு. நம்முடையது கட்டிய மரம், அவ்வளவுதான்! தண்ணீர் உள்ளே வந்து மூழ்குமே என்ற பயமே கிடையாது. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே? கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரத்தை வெயிலில் காயப் போடுவார்கள். இன்னொரு சொல் 2012-இல் யுனெஸ்கோ வரை போனது: கள்ளக்கடல். கேரளக் கரை மீனவர்கள் புழங்கியது, குமரிக் கரைக்கும் பழக்கமான தொல்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், காற்று இருக்காது, திடீரென்று கடல் ஏறி வீட்டுக்குள் வந்து நிற்கும். தென்கோடி இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து கதவைத் தட்டுகிறது. திருடன் மாதிரி வருவதால் கள்ளக்கடல். இதைவிடப் பொருத்தமாக எந்தப் பேராசிரியர் பேர் வைப்பார்!

கடல் அட்டையை மட்டும் சொல்லாமல் விட முடியாது. எதிரி வந்தால் தன் குடலையே வெளியே கக்கிவிட்டுத் தப்பிக்கும், பிறகு புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும். இந்தியாவில் 2001 முதல் அதைத் தொட்டால் வனவிலங்குச் சட்டம் பாயும், புலியைத் தொட்ட மாதிரி! அதே கடலின் அந்தக் கரையில், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும், வலை அடைத்துப் பண்ணை போட்டு வளர்க்கிறார்கள். அட்டைக்கு எல்லைக்கோடு எங்கே தெரியப்போகிறது?

ஆங், வலம்புரி! எங்கள் சித்தி பல வருஷம் முன்னால் ஒரு யாத்திரையில், பேர் வேண்டாம், ஒரு கடையில் கைவளையலை விற்று வாங்கியது. சிவப்புப் பட்டின் மேல் வீற்றிருக்கும். எல்லோரும் தூங்கிய பிறகு பூஜை அறையில் செல்போன் வெளிச்சத்தில் விரலை உள்ளே விட்டேன். இந்தப் பக்கம் தடவினேன். அந்தப் பக்கம் தடவினேன். வழவழவென்று இருந்தது. சத்தமில்லாமல் பட்டை நீவி, இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட்டு வந்தேன். டெக்சஸ்காரர் இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் பாலபிஷேகம் வாங்கிக்கொண்டிருக்கிறார்.